நாடகத்துப் பெண்ணைப் பற்றி அக்காள் எழுதியது

போன மாதம் தச்சநல்லூர்க் கலியாண வீட்டில், பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நாம் நான்கு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஒங்க பெரியப்பா மவ, காதல் கடுதாசி எழுதி மாட்டிக்கிட்டால்லா? அதுக்குத்தான அவள மலைக்குக் கட்டிக் குடுத்தாவ?" மற்ற இருவரும் தலையாட்டினீர்கள். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள். நானும் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பாயசம் குடித்துவிட்டு வந்தேன்.

அறுபது வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பேச்சு அப்படியே இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நமக்கெல்லாம் எழுபது தாண்டிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்தால் அது அப்படியேதான் நிற்கும். அதனால் எழுதுகிறேன். அக்காள் எழுதியது கடிதம் இல்லை. பள்ளிக்கூடக் கட்டுரை. ஒரு நாடகத்தில் வரும் பெண்ணைப் பற்றியது. அதைப் பெரியவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவள் நான்.

இங்கிலாந்து மன்னர் முடிசூட்டிக்கொண்டதற்காக நம் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். எனக்குப் பதிமூன்று வயது. அக்காளுக்குப் பதினாறு. பாளையங்கோட்டையில் நம்மோடு போர்டிங்கில் இருந்தாள் என்றாலும், அவள் மெட்ரிக் வகுப்பு. அந்த வகுப்பில் மொத்தமே ஐந்து பெண்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் பாடம் எடுத்தது மிஸ்ஸியம்மாள், சீமையிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மாள். அந்த வருஷம் அவர்களுக்குப் பாடமாக வந்தது ஒரு பழைய நாடகம். சாவில் முடிகிற நாடகம் என்று மற்ற நான்கு பெண்களும் சலித்துக்கொண்டார்கள். அக்காள் மட்டும் அந்தப் புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். புத்தகத்தில் பசை நாற்றமும் கரப்பான்பூச்சி நாற்றமும் கலந்து வரும். எனக்கு இப்போதும் புதுப் புத்தகத்தைவிட அந்த நாற்றம்தான் படிப்பின் வாசனை.

நாடகத்தின் கதையை அவள் எனக்குத் துணி துவைக்கும் தொட்டியடியில் வைத்துச் சொன்னாள். ஒரு கோட்டைக்கு அதிபதி. அவனுக்கு ஒரே மகள், பதினான்கு வயதுகூட ஆகவில்லை. குற்றம் செய்யாத ஒரு கிழவனைப் பிடித்து நிலவறையில் போட்டிருக்கிறான் அதிபதி. விடிந்தால் தூக்கு. மகள் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து கிழவனை அனுப்பிவிடுகிறாள். சாவியைப் பற்றிக் கேட்கும்போது தகப்பனிடம் தெரியாது என்கிறாள். பழி காவல்காரன் தலையில் விழுகிறது. காவல்காரனைத் தூக்கில் போடப்போகும் நாளில், கூடியிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் வந்து நின்று, திறந்தது நான்தான் என்கிறாள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"இவ்வளவுதானான்னா கேக்க? இங்கன பாரு" என்று அக்காள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள். பக்க ஓரங்களில் எல்லாம் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். அந்தப் பெண் ஒவ்வொரு அங்கத்திலும் எத்தனை தடவை பேசுகிறாள் என்று எண்ணி வைத்திருந்தாள். "முதல் அங்கத்துல நாலே தடவதான் பேசுதா. நாலும் ஒண்ணுதான். ஆகட்டும் அப்பா, ஆகட்டும் அப்பா. கேட்டதுக்குப் பதில் சொல்லுதா, அவளா ஒண்ணும் கேக்கல. ரெண்டாவதுல முதல் தடவையா ஒரு கேள்வி கேக்கா. கிழவன் என்ன செஞ்சான்னு. தகப்பன் பதில் சொல்லாமப் போயிருதான். மூணாவதுல பொய் சொல்லுதா. அதுக்கு அப்புறந்தான் பாரு, பக்கம் பக்கமாப் பேசுதா."

"பொய் சொல்லுறது பாவம்லா?"

"பாவந்தான். ஆனா அதுவரைக்கும் அவ வாயில வந்தது எல்லாம் அவ தகப்பனோட வார்த்த. அவளுக்குன்னு அவளே உண்டாக்குன மொத வார்த்த அந்தப் பொய்தான். பொய் சொல்லிப் பாத்தப் பெறகுதான் அவளுக்கு உண்மை பேசவே தெரியுது."

எனக்கு அப்போது இது விளங்கவில்லை. தொட்டித் தண்ணீரில் சோப்பு நுரை உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு நான் முப்பத்தாறு வருஷம் வாத்திச்சியாக வேலை பார்த்தேன். எத்தனையோ பெண்பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தினேன். அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கோடை விடுமுறைக்கு முன்னால் மிஸ்ஸியம்மாள் ஒரு கேள்வி கொடுத்தார்கள்: இந்தப் பெண் நாடகத்தின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எப்படி வளர்கிறாள், ஆராய்ந்து எழுது. விடுமுறை முடிந்து வரும்போது எழுதிக்கொண்டு வரவேண்டும். கேள்வியைக் கொடுத்துவிட்டு மிஸ்ஸியம்மாள் கொடைக்கானல் மலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் மாட்டு வண்டியில் ஊருக்குப் போனோம்.

ஊர், முக்கூடலைத் தாண்டி ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கிராமம். என் தாய் தகப்பன் இரண்டு பேரும் பேதியில் போனபிறகு பெரியப்பா வீடுதான் எனக்கு வீடு. பெரியப்பா அந்த ஊர் உபதேசியார். சபைக்குப் பொறுப்பான பாதிரி ஐயர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளில் ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும், யார் எங்கே போகிறார்கள் என்று கவனிப்பதும் பெரியப்பாதான். அவருக்குத் தமிழ் வேதம் முழுக்க மனப்பாடம். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. தெரியாத படிப்புக்கு மகளை அனுப்பிவைத்ததில் அவருக்குப் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

ஒன்று மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியப்பாவுக்கு நாடகம் என்ற சொல்லே ஆகாது. பக்கத்து ஊர் அம்மன் கொடைவிழாவில் விடிய விடிய நாடகம் போடுவார்கள். அதைப் பார்க்கப் போன எங்கள் சபை ஆட்கள் இரண்டு பேரை மூன்று மாதம் நற்கருணைக்கு வரவிடாமல் நிறுத்தி வைத்தார். அதில் ஒருவர் அவருடைய சொந்த மைத்துனர். அதனால் பள்ளிக்கூடத்தில் நாடகம் படிக்கிறோம் என்பதை நாங்கள் வீட்டில் சொன்னதே கிடையாது. அக்காள் அந்தப் புத்தகத்தை 'இங்கிலீஷ் பாடம்' என்றுதான் சொல்வாள்.

அந்த விடுமுறையில்தான் வள்ளியூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை திருவாங்கூர் மலைத் தோட்டத்தில் கங்காணி. நம் பக்கத்து ஊர்களில் ஆள் சேர்த்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர். முதல் மனைவி இறந்து ஒரு வருஷம். இரண்டு சின்னப் பிள்ளைகள். வயது முப்பத்தாறு இருக்கும். பெரியப்பா 'பார்ப்போம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெட்ரிக் முடியட்டும் என்றுகூட ஒருநாள் பெரியம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் மனதில் அப்போது அவசரம் இல்லை.

அக்காள் கட்டுரையை எழுதித் தீர்த்திருந்தாள், கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. அவளுக்குக் கையெழுத்து கோணல். அழகாகப் படி எடுத்துத் தருவது என் வேலை. ஊதா மையில் மூன்று தாள் எழுதி முடித்து, காயட்டும் என்று ஜன்னலில் கல் வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் மாப்பிள்ளையின் தமக்கை வந்திருந்தாள். கனத்த பெண்மணி, காதில் பாம்படம் ஆடும். அக்காள் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாள். கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே அந்தப் பெண்மணி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த தாளை எடுத்தாள்.

"இது என்னது? பொண்ணு இங்கிலீஷ்ல யாருக்கு எழுதுதா?"

"பாடமா இருக்கும்" என்றாள் பெரியம்மாள்.

"பாடம்னா புஸ்தகத்துலல்லா இருக்கும்? இது கையால எழுதினதுல்லா?"

பெரியப்பா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, நீயும் இங்கிலீஷ் படிக்கல்லா? இதத் தமிழ்ல வாசி."

நான் வாசித்தேன். அந்தக் கட்டுரையில் இங்கிலீஷில் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் 'ஷி' என்ற சொல் காவல் நின்றது. அவள் செய்தாள், அவள் சொன்னாள் என்று. தமிழில் நமக்கு அது ஒவ்வொரு தடவையும் வேண்டியதில்லை அல்லவா? நாம் பேசும்போது யார் என்று சொல்லாமலேயே பேசிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். "கதவைத் திறந்து அவனை வெளியே அனுப்பினது தப்பில்லை. அப்பாவிடம் பொய் சொன்னதும் சரிதான் என்று நான் நினைக்கிறேன். அதுவரைக்கும் வாயில் இருந்ததெல்லாம் அப்பாவின் வார்த்தை. அந்தப் பொய்தான் முதல் சொந்த வார்த்தை."

கேட்டவர்களுக்கு அது அக்காள் தன்னைப் பற்றியே எழுதியதாகப் பட்டது. பாம்படம் ஆடுவது நின்றுவிட்டது.

"யாரட்டி வெளிய அனுப்புனா?" என்று பெரியப்பா பையக் கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் 'நாடகம்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். அது என் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அக்காளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார், மைத்துனரை நிறுத்தியதுபோல் வேதக்கோயிலில் எல்லோர் முன்னாலும் நிறுத்துவார் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "தெரியாது பெரியப்பா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அக்காள் வந்தாள். தலைமுடி சொட்டச் சொட்ட, தோளில் பிழிந்த துணி. பெரியப்பா அவளிடம், "கதவத் தெறந்து விட்டியா?" என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். விஷயம் விளங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் என்ன சொல்லியும் எடுபடவில்லை. "அது பாடம் அப்பா. கதையில வார ஒரு பிள்ளையப் பத்தி எழுதினது" என்றாள். "பாடத்துல தகப்பன்கிட்டப் பொய் சொல்லவா சொல்லிக் குடுக்காவ?" என்று பெரியப்பா கேட்டார். அக்காள் புத்தகத்தை எடுத்துவந்து காட்டினாள். அவருக்கு அது எல்லாம் ஒன்றுதான். தெரியாத எழுத்து.

மாப்பிள்ளையின் தமக்கை எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அண்ணாச்சி, இது நம்ம நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். எந் தம்பி காதுக்குப் போவ வேண்டாம். ஆனா நாள் கடத்தாதீங்க." அவள் அப்படிச் சொன்னது உபகாரம் என்று பெரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நாலு சுவருக்குள் இருந்த பேச்சு ஒரு வாரத்தில் முக்கூடல் சந்தைவரை போனது எப்படி என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் காலையில் ஆற்றில் அக்காளும் நானும் துவைத்துக்கொண்டிருந்தோம். கோடையில் தண்ணீர் ஒடுங்கி, பாறையெல்லாம் வெளியே வந்து கிடந்தது. பாசி காய்ந்த வாடை. அக்காள் என்னைப் பார்க்காமல் கேட்டாள், "நாடகம்னு ஏன் நீ சொல்லல?"

"பெரியப்பா கோயில்ல வச்சு நிறுத்திருவாவன்னு பயந்துட்டேன் அக்கா."

"நான் சொன்னப்பவும் கதைன்னுதான சொன்னேன். எனக்கும் அந்தப் பயந்தான்." இரண்டு துணியை அலசிப் பிழிந்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, "அந்தக் கடைசிப் பகுதி எனக்கு வரமாட்டேங்கு" என்றாள். "கடைசில அந்தப் பிள்ள சாவுறது எனக்குப் பெருசாத் தெரியல. அந்தக் காவல்காரனுக்காக வந்து நிக்காளே, அவள யாரும் வரச்சொல்லல. ஒருத்தரும் அவளச் சந்தேகப்படக்கூட இல்ல. சும்மா இருந்திருந்தா ராணியா இருந்திருப்பா. பெறகு ஏன் வந்தா? அத எப்படி எழுதன்னு தெரியல."

அவள் என்மேல் கோபித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் நாடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தாள்.

மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண அறிக்கை வாசித்தார்கள். நாலாம் வாரம் கலியாணம். ஐயர் வந்து நடத்தினார். 'இந்த மனுஷனை உன் புருஷனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா' என்று கேட்டபோது அக்காள் பேசாமல் நின்றாள். கோயிலில் வேப்பம்பூ வாசம் நிறைந்திருந்தது. பாயில் இருந்த பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஐயர் இரண்டாம் தடவை கேட்டார். அக்காள் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில், "அப்பாகிட்டக் கேளுங்க ஐயா" என்றாள்.

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். வெட்கம் என்று நினைத்தார்கள். எவ்வளவு அடக்கமான பெண் என்று என் பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். பெரியப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது அக்காள் "ம்" என்றாள். அது போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விடுமுறை முடிந்து நான் மட்டும் பாளையங்கோட்டைக்கு வந்தேன். மிஸ்ஸியம்மாள் வகுப்பில் நான்கு கட்டுரைகள்தான் சேர்ந்தன. என்னைக் கூப்பிட்டு அக்காளைப் பற்றி விசாரித்தார்கள். கலியாணம் ஆகிவிட்டது என்றேன். அவள் நல்ல மனைவியாக இருப்பாள் என்று சொல்லு என்றார்கள். பழுப்புத்தாள் போட்ட புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் அதை வாங்கிய பெண் பென்சில் கோடுகளையெல்லாம் ரப்பரால் அழித்துவிட்டாள்.

மலையிலிருந்து அக்காள் எனக்கு மூன்று கார்டுகள் போட்டாள். முதலாவதில் மழையும் அட்டைக்கடியும். இரண்டாவதில் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது. மூன்றாவதில், 'இங்கே கூலி லயத்தில் இருக்கிறவர்களுக்கு எழுதத் தெரியாது, அவர்களுக்காக ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுக்கிறேன், அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்' என்று இருந்தது. அப்புறம் கார்டு வரவில்லை.

என்ன நடந்தது என்பதை, இரண்டு வருஷம் கழித்து மலையிலிருந்து தப்பி இறங்கி வந்த ஒரு கூலிப் பெண் பெரியப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னாள். கண் மஞ்சளாக, வயிறு வீங்கி இருந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"கங்காணி இங்கன வந்து, மலையில சொகமா இருக்காவன்னு சொல்லி ஆள் கூட்டுதாவ. கங்காணி வீட்டு அம்மா எங்களுக்கு எழுதிக் குடுத்த கடுதாசில, காச்சல்ல இத்தன பேர் செத்தாச்சு, வராதீங்கன்னு இருந்துச்சு. இந்த வருசம் ஒருத்தரும் மலையேற வரல. யார் எழுதுனதுன்னு கங்காணி எங்க ஒவ்வொருத்தரையா அடிச்சுக் கேட்டாவ. யாரும் சொல்லல. அம்மாவே முற்றத்துல வந்து நின்னு, நாந்தான் எழுதுனேன்னுட்டாவ."

"பொறவு?" என்றாள் பெரியம்மாள்.

"பொறவு மையும் தாளும் கெடையாது. லயத்துப் பக்கம் வரக் கூடாது. ஆடி மழையில அம்மாவுக்கும் அந்தக் காச்சல் வந்துச்சு. மருந்துக்காரரக் கூட்டிட்டு வர ஆள் அனுப்பலாம். அனுப்பல. ஆறு நாள் கெடந்தாவ."

இறந்துபோனாள் என்று மட்டும் ஒரு வரியில் முன்பே கடிதம் வந்திருந்தது. எப்படி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெரியப்பா அந்தக் கூலிப் பெண்ணுக்குச் சோறு போடச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. ஒரு சொல்லை மறைத்தேன், அதனால் ஒருத்தி செத்தாள் என்பது எந்நேரமும் நெஞ்சில் கிடந்தது. வாத்திச்சிப் பயிற்சிக்காகப் போதனாமுறைப் பள்ளியில் சேர்ந்த வருஷம், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரியம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தாள். பெரியப்பா முற்றத்து வெயிலில் தனியாக உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் பிசுபிசுப்பு. பக்கத்தில் கொட்டை ஒரு குவியல். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"பெரியப்பா, அன்னைக்கு நான் சரியா வாசிக்கல. அது நாடகம். நாடகத்துல வார ஒரு பிள்ளையப் பத்தித்தான் அக்கா எழுதியிருந்தா. ஒங்களுக்குப் பயந்து மறைச்சுட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்பம் தெரியும்?"

"அடுத்த ஞாயிறே தெரியும். ஐயர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். வாசிச்சுச் சிரிச்சாவ. நாடகப் பாடம்தான், வித்தியாசமா ஒண்ணும் இல்லன்னாவ. பிள்ள நல்லா எழுதியிருக்கான்னுகூடச் சொன்னாவ."

மூன்று ஞாயிறு அறிக்கை வாசித்தபோதும், கோயிலில் அவள் 'அப்பாகிட்டக் கேளுங்க' என்றபோதும், இவருக்குத் தெரியும். ஐயருக்கும் தெரியும். இத்தனை வருஷமாக நான் சுமந்தது என்னுடையது மட்டும் இல்லை.

"பொறவு ஏன் பெரியப்பா?"

ஒரு புளியை உடைத்து, நாரை உருவி, கொட்டையை எடுத்துப் போட்டார்.

"யாரப் பத்தி எழுதுனா என்னட்டி? சரின்னு எழுதுனவ அவதான" என்றார். "ஊரும் பேச ஆரம்பிச்சுட்டு. அது கெடக்கட்டும். எனக்கு அவளப் பாத்தாப் பயம் வந்துட்டு. சின்ன வயசுல இருந்து ஆகட்டும் அப்பான்னு சொன்ன பிள்ள. அவ மனசுக்குள்ள இப்படி ஒண்ணு ஓடுதுன்னு எனக்குத் தெரியாதுல்லா. வீட்ல வச்சிருந்தா என்னைக்காவது எனக்கு எதிர்ல வந்து நிப்பான்னு தோணிச்சு. யாருகிட்டயாவது குடுத்துருவோம்னு ஆயிட்டு."

பக்கத்து வீட்டில் அரிசி இடிக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கப் போனேன். அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"அந்தப் பிள்ள கடைசில என்ன ஆவா?"

"எந்தப் பிள்ள?"

"நாடகத்துல."

"எல்லார் முன்னாலயும் வந்து உண்மையச் சொல்லிருவா, பெரியப்பா. தகப்பனே தீர்ப்புச் சொல்லுவான். செத்துப்போவா."

அவர் கை நின்றது.

"தகப்பன்?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகாது. இருப்பான்."

பெரியப்பா தலையை ஆட்டினார். அடுத்த புளியை எடுத்து உடைத்தார்.